கிலத்துத் தோட்டத்தில் ஓர் இருமல்

மெஹ்ரூத் நகரத்து ஆளுநர் யாதிகார் பேக் மூன்று வருடங்களாக ஒரு தடவைகூட இருமியதில்லை.

குளிர்காலம் வந்தால் அந்த ஊரே இருமும். பாரசீகத்தின் அந்தப் பக்கத்துக் காற்று அப்படி. உப்புப் பாலைவனத்தைத் துடைத்து அள்ளிக்கொண்டு வந்து நேராகத் தொண்டையில் கொட்டும். தர்பாரில் எழுத்தர் இருமுவார். மனுக் கொடுக்க வந்தவன் இருமுவான். நீதிபதி இருமிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். ஆளுநர் மட்டும் தொண்டையில் கொஞ்சம் உறுத்தினாலும் முகம் கன்றிப்போக அடக்கிக்கொள்வார். வெந்நீர் கேட்பார். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே போய்த் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடப்பார். அரண்மனையில் வளர்ந்தவர், மட்டு மரியாதை தெரிந்தவர் என்று ஊரார் மெச்சிக்கொண்டார்கள். ஊராருக்கு என்ன தெரியும்.

மல்பெரி பழுக்கும் காலத்தில் ஒரு புதன்கிழமை, தலைநகர் இஸ்ஃபஹானிலிருந்து குதிரைக்காரன் ஒருவன் வந்து பேக்கின் அங்கி விளிம்பை முத்தமிட்டான்.

"ஷா தங்களுக்குக் கிலத்து அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேரும்."

கூடியிருந்தவர்கள் வாழ்த்தினார்கள். பேக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

கிலத்து என்பது ஓர் அங்கி. அரசர் அனுப்பும் மரியாதை. நம் பக்கத்துக் கோயில்களில் பெரிய மனிதர்களுக்குப் பரிவட்டம் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பரிவட்டம் கட்டி யாருக்கும் உயிர் போனதில்லை. கிலத்தை ஊருக்குள் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். ஆளுநர் ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு வாங்க வேண்டும். அதற்கென்றே ஒரு தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் ஒரு கூடம். தோட்டத்து வாசலிலேயே வாளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கூடத்துக்குள் கொண்டுவந்தவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் போகக் கூடாது. கொண்டுவந்தவர் உடுத்திவிடுவார். உடுத்தியவர் இஸ்ஃபஹான் இருக்கும் திசையைப் பார்த்துத் தலை தாழ்த்துவார். பிறகு மேளதாளத்தோடு ஊர்வலம். அரசரின் தயவு இன்னும் இந்த ஆளின்மேல் இருக்கிறதா என்பதை ஊர் அந்த அங்கியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஆளுநர் ஆயுதமில்லாமல், துணையில்லாமல், இரண்டு கைகளையும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் இடம் அந்த ராஜ்ஜியத்திலேயே அது ஒன்றுதான். ஆகவே ஷாவுக்கு யார்மேலாவது சந்தேகம் தட்டினாலும் கிலத்துதான் போகும். அங்கி மூட்டையோடு, கழுத்தை நெரிக்க வில் நாண் ஒன்றும் போகும். எது வந்திருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். போகாமல் வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் ராஜத்துரோகம்.

யாதிகார் பேக்குக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளுநராவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அவர் அரண்மனை உடுப்புக் கிடங்கின் அதிகாரி.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன் பிற்பகல் என்றால் அவர் பாபா ஸஃபரைப் பார்க்கப் போகும் நேரம்.

பாபா ஸஃபர் கிலத்துத் தோட்டத்தின் காவலர். தர்வேஷ், அதாவது சொத்து சுகம் வேண்டாம் என்று விட்டவர். பாபா என்றதும் வெண்தாடிக் கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டாத மனிதர், பேக்கைவிடப் பதினைந்து வயது இளையவர். நகக் கண்ணில் எப்போதும் மண் இருக்கும். பேக் ஆளுநராகி நாற்பதாம் நாள் அவரிடம் வந்து, ஜரிகைச் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார். "உட்கார வேண்டாம் என்று யார் சொன்னது" என்றார் பாபா. அன்றிலிருந்து ஒரு வியாழன் தவறியதில்லை. தொழுகையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நோன்பைப் பற்றி, நீதியைப் பற்றி, மரணத்தைப் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறார். கேட்க வந்த ஒன்றை மட்டும் கேட்டதில்லை.

அன்று பாபா வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்கால் தோட்டத்தின் தலைமாட்டில் தொடங்கி, கூடத்தின் தரைக்கு நடுவே ஓடி, பின்வாசல் வழியாக வெளியே போகிறது.

"பாபா, நாளைக்கு எனக்குக் கிலத்து வருகிறது."

"தெரியும். கூடத்தைப் பெருக்கி வைக்கச் சொல்லி உம் ஆள் வந்தான்."

"அங்கியா, நாணா?"

"எனக்குச் சேறு தெரியும். துணி உமக்குத்தான் தெரியும்."

பேக் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓடிவிடட்டுமா? எல்லை மூன்று நாள் தூரம்தான்."

"ஓடுவதானால் குதிரையைப் பின்வாசலில் கட்டும். அங்கே மல்பெரி நிழல் உண்டு. ஃபரீதூன் கானும் அங்கேதான் கட்டியிருந்தார்."

மூன்று வருடத்தில் பாபா முந்தைய ஆளுநரின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பேக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கட்டியிருந்தாரா?"

"இரண்டு குதிரை. சேணத்தோடு. வீட்டாரை ஒரு வாரம் முன்பே மலைப்பக்கம் அனுப்பிவிட்டார்."

"இரண்டா? கூட யாரை அழைத்துப் போக நினைத்தார்?"

பாபா குனிந்து ஒரு வெட்டுச் சேற்றை அள்ளிக் கரையில் போட்டார்.

"அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், பாபா?"

"இங்கேதான். இதே வாய்க்காலில், கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம்."

"காதில் விழுந்ததா?"

"தண்ணீரை அடைத்திருந்தேன். சத்தமே இல்லை. எல்லாம் விழுந்தது."

"மூன்று வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்!"

"நீர் சொல்வீர் என்று இருந்தேன்." பாபா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "இப்போது சொல்லும்."

பேக் சொன்னார். முதலில் சொல் வரவில்லை. பிறகு நிற்கவில்லை.

ஃபரீதூன் கான் இவருக்குப் பால் சகோதரர். யாதிகாரைப் பெற்றவள் பேறுகாலத்திலேயே போய்விட, ஃபரீதூனின் தாய்தான் இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்தாள். ஃபரீதூன் ஆறு மாதம் மூத்தவர், நல்ல உயரம். இருவரும் குதிரையேற்றம் பழகியதும் ஒரே குதிரையில்தான். அண்ணன் ஒரு சுற்று வந்து இறங்கியதும், தம்பிக்குக் கால் எட்டாது என்று, கால் வைக்கும் அங்கவடியின் வாரைத் தன் கையாலேயே நான்கு விரல் உயர்த்திக் கட்டிவிடுவார். வளர்ந்து ஆளான பிறகும் தம்பி அந்த நான்கு விரலை எட்டிப் பிடிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அமைச்சரின் ஆட்கள் யாதிகாரைக் கூப்பிட்டார்கள். ஃபரீதூன் கான் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறாராம். உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. கிலத்தை யாதிகாரே கொண்டுபோக வேண்டும், வேறு யார் போனாலும் அந்த ஆள் கூடத்துக்குள் வரமாட்டான் என்றார்கள். வேலை முடிந்தால் மெஹ்ரூத் நகரம் யாதிகாருக்கு. முடியாவிட்டால் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இஸ்ஃபஹானில் இவருக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

"நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான், நானாவது பக்குவமாகச் செய்வேன் என்று நினைத்தேன், பாபா. அப்படித்தான் நினைத்தேன். கிடங்கைத் திறந்து நானே அங்கியைத் தேடி எடுத்தேன். இருந்ததிலேயே நல்லது. கரும்பச்சை வெல்வெட், தங்கப் பூ, கழுத்தைச் சுற்றிப் பனிநாட்டுக் கறுப்பு ரோமம்."

"இந்த ஊர் ஆளுநருக்கு அந்தத் தரம் உண்டா?"

"கிடையாது. ரோமம் வைத்தது ஷாவின் உறவுக்காரர்களுக்கு. கடைசியாகக் கொடுப்பது நல்லதாக இருக்கட்டும் என்று எடுத்தேன்."

பேக் தொடர்ந்து சொன்னார்.

அவரோடு நான்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கூடத்துக்கு வெளியே நிற்க வேண்டும். கிலத்துகளுக்குக் கை மிக நீளம், முழங்காலைத் தொடும். மரியாதைக்காக வைத்த நீளம் அது. இரண்டு கையும் நுழைந்துவிட்டால் போட்டுக்கொண்டவரால் எதையும் பிடிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து யாதிகார் இரும வேண்டும். நான்கு பேரும் உள்ளே வருவார்கள். ஏற்பாடு அவ்வளவுதான்.

"தோட்டத்து வாசலில் வாளைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். என் தோளில் மூட்டை இருந்தது. அதைத் தட்டிப் பார்த்து, 'தம்பி, கிலத்துதானே?' என்றார். ஷாவின் தலைமேல் ஆணை, நம் தாயின் பால்மேல் ஆணை, கிலத்துதான் அண்ணா என்றேன். கூடத்துக்குள் போய் மூட்டையை அவிழ்த்தேன். அந்த ரோமத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். மறுபடியும், 'தம்பி, கிலத்துதானா?' என்றார். ஆமாம் என்றேன். திரும்பி நின்று வலது கையை நுழைத்தார். இடது கையை நுழைக்கும் முன் தலையை மட்டும் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்."

பேக்கின் தொண்டை கரகரத்தது. அடக்கிக்கொண்டார்.

"மூன்றாவது தடவையும் கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். இடது கையை நுழைத்தார். நான் இருமினேன்."

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் அந்த அங்கியையே கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்கள். ஊர் வாசலில் ஜனங்கள் பூக்கூடையோடு காத்திருந்தார்களே, யாராவது ஒருவர் கிலத்தோடு வர வேண்டும் அல்லவா? நான் போனேன். பூப் போட்டார்கள். அங்கி நான்கு விரல் நீளம், மண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தது. பெருநாள் தவறாமல் இன்றைக்கும் அதைத்தான் உடுத்துகிறேன். தையல்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லவும் மனது வரவில்லை, போடாமல் இருக்கவும் தைரியம் இல்லை."

பாபா மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தார்.

"எத்தனை தடவை கேட்டார் என்றீர்?"

"மூன்று."

"ஏன் மூன்று?"

"பயம்தான். பயந்தவன் திரும்பத் திரும்பத்தானே கேட்பான்?"

"குரலில் பயம் இருந்ததா?"

பேக் மூன்று வருடமாக அந்தக் குரலைத் தினந்தோறும் கேட்டுக்கொண்டிருப்பவர். அதில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இல்லை" என்றார் கடைசியில்.

"நாளைக்கு நீரும் கேட்பீர். கேட்டுப் பாரும்."

பாபா மறுபடி வாய்க்காலில் இறங்கிவிட்டார். இதற்குமேல் அவரிடம் ஒன்றும் பெயராது என்பது பேக்குக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆளுநர் தோட்டத்துக்கு வந்தார். பின்வாசலில், மல்பெரி மரத்தடியில், ஒரு குதிரை சேணத்தோடு நின்றது. முன்வாசலுக்கு வெளியே மேளக்காரர்கள். ஊர்ப் பெரியவர்கள் புது உடுப்பில் வந்து நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். பேக் வாளைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

கிலத்தைக் கொண்டுவந்தவர் ஷாவெர்தி. கிடங்கில் பதினொரு வருடம் பேக்கின் கீழ் வேலை பார்த்தவர். தொந்தி, வாய் ஓயாத பேச்சு. கோவேறு கழுதையிலிருந்து இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளுநர் பெருமானே, வாழ்க! நாசமாய்ப் போன பாதை. ஒன்பது நாள். இந்த மிருகத்துக்கு முதுகெலும்பு மட்டும்தான் இருக்கிறது, முதுகு கிடையாது."

பேக் அவருக்குப் பின்னால் பார்த்தார். நான்கு ஆட்கள் வந்திருந்தார்கள். மறுபடியும் எண்ணினார்.

"ஷாவெர்தி, மூட்டையில் கிலத்துதானே?"

"பின்னே என்ன, வெங்காயமா?" என்றார் ஷாவெர்தி. "குடிக்க ஏதாவது கிடைக்குமா?"

இருவரும் கூடத்துக்குள் போனார்கள். நான்கு ஆட்களும் வெளியே நின்றார்கள். ஷாவெர்தி மூட்டையை அவிழ்த்து அங்கியை உதறினார். பழுப்புப் பட்டு. மெல்லிய ஜரிகைக் கரை. இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது.

பேக்குக்கு அதைப் பார்த்து நிம்மதி வரவில்லை. சாகப் போகிறவனுக்கு இது போதும் என்று எடுத்தார்களோ என்றுதான் தோன்றியது. தான் அண்ணனுக்கு எவ்வளவு நல்லதாகப் பார்த்து எடுத்தோம் என்றும் அந்த நேரத்தில் தோன்றியது. மனித மனம் எங்கே எதை நினைக்கும் என்று சொல்ல முடியாது.

அவர் திரும்பி நின்றார். வலது கை நுழைந்தது. பட்டு சில்லென்று இருந்தது. விரல் நுனி வெளியே வரவே இல்லை. இடது கையை நீட்டும் முன் அவர் தலையைத் திருப்பினார்.

"ஷாவெர்தி, கிலத்துதானா?"

ஷாவெர்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, பேக்?"

இடது கையும் நுழைந்தது. முதுகுக்குப் பின்னால் ஷாவெர்தி அங்கியின் தோளை இழுத்துச் சரி செய்தார். இழுத்த இழுப்பில் ஒன்பது நாள் தூசி பறந்தது.

ஷாவெர்தி இருமினார்.

யாதிகார் பேக்குக்கு உலகம் நின்றது. நீளக் கைகளுக்குள் விரல்கள் விரிந்து எதையோ தேடின, துணியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. பின்வாசல் திறந்து கிடந்தது. கால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அண்ணா என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

வெளியே யாரோ சிரித்தார்கள். அந்த நான்கு பேரும் மரத்தை உலுக்கி மல்பெரிப் பழம் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்தத் தூசியில் நாய்கூட இருமும்" என்று சொல்லிக்கொண்டே ஷாவெர்தி முன்னால் வந்து பொத்தான்களைப் போட்டுவிட்டார். இரண்டாவது பொத்தானுக்கு வந்ததும் கை நின்றது. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"மன்னிக்க வேண்டும், பேக். சின்ன நகரத்து ஆளுநருக்கு மூன்றாம் தரம், நீங்கள் போட்டுவைத்த விதிதான். பழைய முதலாளிக்கு ஒரு நல்லதாக, ரோமம் வைத்ததாக எடுக்கலாம் என்று நானும் பார்த்தேன். கூட இருந்தவர்கள் என்னை அடிக்காத குறை."

"ஏன்?"

"ஏனா? நம் வேலையில் உங்களுக்குத் தெரியாததா? மூன்றாம் தரத்து ஆளுக்கு ரோமம் போனால், வாங்குகிறவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் தன் கதை முடிந்தது என்று தெரிந்துகொள்ள மாட்டாரா? தகுதிக்கு மேலே ஒரு விரல் போனாலும் அது மரியாதை இல்லையே."

ஷாவெர்தி வயிறு குலுங்கச் சிரித்தார். பேக் சிரிக்கவில்லை.

இஸ்ஃபஹான் இருக்கும் திசையில் தலை தாழ்த்த வேண்டும் என்று ஷாவெர்தி இரண்டு தடவை நினைவுபடுத்திய பிறகுதான் தாழ்த்தினார். புது அங்கி அவருக்குக் கச்சிதமாக இருந்தது. தோளும் சரி, நீளமும் சரி, கணுக்காலுக்கு மேலே அழகாக நின்றது. தனக்கென்று வந்த கிலத்தை மூன்று வருடத்தில் அன்றுதான் உடுத்தியிருக்கிறார்.

முன்வாசலில் மேளம் தொடங்கியது. ஷாவெர்தி அந்தப் பக்கம் நடந்தார். பேக் பின்வாசல் வழியாக வாய்க்காலுக்குப் போனார். பாபா ஸஃபர் அங்கேதான் இருந்தார், முழங்கால் அளவு சேற்றில்.

"பாபா, ரோமத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது."

"ஆமாம்."

"நான்தான் சொல்லிவிட்டேன். என் கையால் தேடி எடுத்த அங்கியே சொல்லிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை." பேக் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார். "பின்வாசல் அன்றைக்குத் திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது. எட்டு அடி தூரம்."

"குதிரையும் நின்றது."

"நின்றது."

"நான் தடுத்திருக்க மாட்டேன். தடுக்க என்னால் முடியாது, அவர் என்னைவிடப் பலசாலி. ஏன் ஓடவில்லை?"

"ஆளைக் கோட்டைவிட்டு வெறுங்கையோடு இஸ்ஃபஹான் திரும்பியிருந்தால் உம்மை என்ன செய்திருப்பார்கள்?"

இருபத்தாறு வருடம் அரண்மனையில் இருந்தவருக்கு அது தெரியாதா.

முன்வாசலில் யாரோ ஆளுநரைத் தேடிக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வெயிலில் நின்று களைத்திருப்பார்கள். பூக்கூடைகள் வாடத் தொடங்கியிருக்கும். பேக் நகரவில்லை. புது அங்கியோடு கரைச் சேற்றில் உட்கார்ந்தார்.

"தெரிந்துவிட்டது என்கிறீர்கள். ஓடுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார். பிறகு எதற்கு என்னைக் கேட்டார்? பதில் தெரிந்த கேள்வியை எதற்கு இன்னும் இரண்டு தடவை கேட்டார்?"

"மூட்டை கட்டியிருந்தபோது கேட்டது தனக்காக" என்றார் பாபா. "அவிழ்த்த பிறகு கேட்டது இரண்டும் உமக்காக."

"எனக்காகவா?"

பாபா மண்வெட்டியைக் கரையில் வைத்தார். மல்பெரி மரத்தடியில், பேக் கட்டிவைத்த குதிரை ஈயை விரட்டிக்கொண்டு தனியாக நின்றது. பாபா அதையே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நீர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அப்புறம் உம்மாலும் இஸ்ஃபஹான் திரும்ப முடியாதே. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு குதிரைகளையும் நான்தான் அவிழ்த்து விட்டேன், பேக். இரண்டாவது குதிரையின் அங்கவடியை நான்கு விரல் உயர்த்திக் கட்டியிருந்தார்."